இறக்கி வைக்க ஓர் இடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழக வளாகம். குன்றின் சரிவில் கட்டியது. கீழே மினிபஸ் டாக்சி நிற்கும் இடத்திலிருந்து வகுப்பறைகளுக்கு ஏற 118 படிகள். 72-ஆவது படியில் ஒரு சிறிய தளம் வரும். சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்தத் தளத்தின் ஓரத்தில் இரண்டு கல் தூண்கள், மேலே குறுக்காக ஒரு கல் பலகை, பலகையின் மேல் வெண்கலத்தில் இரண்டு வளையங்கள். அவ்வளவுதான். இதைக் கொண்டுவந்து நிறுத்த எங்களுக்கு ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷத்தில் கல்லுக்கும் உலோகத்துக்கும் போனது சில மாதங்கள்தான். மீதிக் காலம் பெரும்பாலும் மனிதர்களிடம் கேட்பதற்கே போனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கட்டுமானப் பொறியாளன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். 2006-இல் வேலைக்காக டர்பன் வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். 2017-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து வளாகத்தில் ஒரு சிலை வைக்கலாம் என்று குழு அமைத்தார்கள். எல்லாரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். கல்லும் அஸ்திவாரமும் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் மனதில் இருந்த சிலை தெளிவாகவே இருந்தது. கரும்பு வெட்டும் ஓர் ஆணும் பெண்ணும், ஆள் உயர வெண்கலத்தில். ஆறடிப் பீடம். நூலகத்துக்கு நேர் எதிரே. பீடத்தில் 1860 நவம்பர் 16 என்ற தேதி. அன்றுதான் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு 1911 வரை சுமார் 1,52,000 பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர், வட ஆற்காடு, சேலம் என்று அந்தப் பதிவேடுகளில் விரல் வைத்துப் படிக்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த மனிதர்களுக்கு ஒரு சிலை வேண்டும் என்ற ஆசையில் எந்தக் குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் ஆர்வத்தில் ஒரு யோசனை சொன்னேன். சுவாமிமலையில் வார்த்துக் கன்டெய்னரில் கொண்டுவந்துவிடலாம், இங்கே ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. சின்ன வயதில் அந்தப் பட்டறைகளின் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வார்கள். காவிரி வண்டலை அதன் மேல் அப்புவார்கள். காய்ந்ததும் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். குழுவில் எல்லாருக்கும் யோசனை பிடித்தது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். இடம் கேட்டு இரண்டு பக்கம், சிலையின் படம் ஒன்று, நன்கொடையாளர் பட்டியல்.

நிர்வாகத்திலிருந்து வந்த பதிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மாணவர்களிடம் பேசிவிட்டீர்களா?

பேசவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சிசில் ரோட்ஸின் வெண்கலச் சிலை 1934-இலிருந்து உட்கார்ந்திருந்தது. 2015 மார்ச் 9 அன்று ஒரு மாணவர் அதன் மேல் மலத்தை வீசினார். சரியாக ஒரு மாதம். ஏப்ரல் 9 அன்று கிரேன் வந்து சிலையைத் தூக்கிக்கொண்டு போனது. அதே மார்ச்சில் எங்கள் டர்பனிலேயே ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் சிலை மேல் வெள்ளைப் பெயிண்டைக் கொட்டினார்கள். இதெல்லாம் காலனிக்காரர்களின் சிலைகள், நம்முடையது வேறு என்று குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்புறம் கானாவில் நடந்ததைப் படித்தேன். 2016 ஜூனில் கானா பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த காந்தி சிலையைத் திறந்தார்கள். காந்தி இங்கே தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய வரிகளை எடுத்துக்காட்டி அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் சிலை போய்விட்டது. அன்பளிப்பு என்றாலும், வைக்கப்படுகிற இடத்தில் நடமாடுகிறவர்களைக் கேட்காமல் வைத்தால் அது அன்பளிப்பாகப் போய்ச் சேராது.

சரி என்று மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். முப்பது நாற்பது பேர் வந்தார்கள். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினோம். முதலில் எழுந்தது ஒரு தமிழ்ப் பெண். முதுகலை படிக்கிறவள், வீடு சாட்ஸ்வொர்த்தில். “அந்தப் பாட்டி ஏன் குனிந்தே நிற்க வேண்டும்? நான் நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் முதுகைத்தான் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டாள். குழுவில் இருந்த பெரியவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த சாரா பார்ட்மனின் சிற்பத்தைச் சொன்னாள். வில்லி பெஸ்டர் பழைய இரும்புத் துண்டுகளால் செய்தது. ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்ட அந்தப் பெண், சிற்பமான பிறகும் ஆடையில்லாமல் காட்சிப்பொருளாகவே நிற்கிறாள் என்று மாணவிகள் அதற்குத் துணி போர்த்திவிட்டார்கள். செய்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு வலித்தது, அதுதான் விஷயம்.

அடுத்து எழுந்தவன் ஒரு ஜூலு மாணவன். கடற்கரையோரக் கரும்புத் தோட்டப் பக்கத்துப் பையன். கோபமே இல்லாமல் பேசினான். “என் பாட்டியும் கரும்பு வெட்டினவள்தான். இந்தச் சிலையில் அவள் எங்கே?” என்றான். யாரிடமும் பதில் இல்லை.

அன்று இரவு செயலாளர் எனக்குப் போன் செய்தார். திட்டத்தைக் கைவிட்டுவிடலாம் என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. அவருடைய ஆயா மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் கரும்பு வெட்டினவர். அந்த ஆயாவின் முகத்தைத்தான் அவர் அந்தப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கைவிட வேண்டாம் அண்ணா, முதலில் சிற்பியைக் கண்டுபிடிப்போம், என்ன சிலை என்பது பிறகு என்று சொன்னேன். அதுவரை நாங்கள் சிலையைத் தீர்மானித்துவிட்டு, செய்து கொடுக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இங்கே டர்பனில் பொதுச் சிற்பம் பற்றிப் பேசினால் ஆண்ட்ரீஸ் போத்தாவின் யானைகள் வந்துவிடும். வார்விக் பக்கம் நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில் நகராட்சி அவரிடம் சொல்லிச் செய்த மூன்று யானைகள். கம்பி வலைக்குள் கல்லை அடுக்கிச் செய்தவை. 2010-இல் வேலை முடியும் தறுவாயில், மூன்று யானை என்றால் எதிர்க்கட்சியான இன்காத்தா கட்சியின் சின்னம் அல்லவா என்று ஒரு குரல் எழுந்தது. வேலை நின்றது. வருஷக்கணக்கில் அந்த யானைகள் அரைகுறையாகக் கிடந்தன. கல்லையும் கம்பியையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். அதே வருஷம், அதே சிற்பி, புதிய விமான நிலையத்துக்கு மன்னர் ஷாகாவின் சிலையைச் செய்து கொடுத்தார். கையில் ஈட்டி கேடயம் இல்லாமல், மாடுகளோடு நிற்கும் ஷாகா. மே மாதம் திறந்தார்கள். அரச குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை, மாடு மேய்க்கும் பையனைப் போல இருக்கிறது என்றார்கள். சில வாரங்களில் ஷாகாவைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், மாடுகள் மட்டும் நின்றன. எனக்கு அந்த மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனது பிசையும். போத்தா பெரிய கலைஞர். ஷாகாவைப் போர்க்கோலம் இல்லாமல் யோசித்துப் பார்த்தது நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். அப்படிப்பட்டவரின் வேலைக்கே இந்தக் கதி.

எங்களுக்குக் கிடைத்த சிற்பி ஒரு பெண். டர்பன்காரர். வெற்று நோட்டோடு வந்தார். மூன்று மாதம் எதையும் வரையவில்லை. வளாகத்தில் சுற்றினார், டீ குடிக்கும் அறைகளில் உட்கார்ந்தார், படிக்கட்டில் ஏறி இறங்கினார். குழுவில் பாதிப் பேருக்குப் பொறுமை போய்விட்டது. அந்த மூன்று மாதத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டு ஒப்பந்தத்தில் எழுத வைத்திருந்தேன். இதைச் செய்யப்போகிற யாருக்கும் நான் சொல்வது: கலைஞருக்கு யோசிக்கும் காலத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பணம் ஐந்து தவணை. ஆய்வுக்கு ஒன்று, சிறு மாதிரிக்கு ஒன்று, மூல உருவத்துக்கு ஒன்று, வார்ப்புக்கு ஒன்று, நிறுவியதற்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தரப்பும் நிறுத்திக்கொள்ளலாம். பதிப்புரிமை சிற்பியிடமே. ஐந்து வருஷப் பராமரிப்புக்குத் தனி வைப்பு. இதையெல்லாம் எழுதாமல் கைகுலுக்கி ஆரம்பித்திருந்தால் கொரோனாவோடு திட்டம் செத்திருக்கும்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள் துப்புரவுப் பணியாளர்களின் டீ அறையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் தாயாரும் அன்று வந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. நாங்கள் எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். தமிழ்ப் பாடசாலையில் படித்தவர், இன்றும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஆயாவின் அம்மா கிளேர்வுட் பக்கம் காய்கறித் தோட்டம் போட்டவர். விடிவதற்குள் கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வார்விக்கில் இருக்கும் அதிகாலைச் சந்தைக்கு நடப்பாராம்.

“கூடை அழுத்தாதா?” என்று சிற்பி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

ஆயா ஒன்றும் சொல்லாமல் மேஜை மேல் கிடந்த பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்தார். ஒரு முனையை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, வலது கையால் துணியை முறுக்கினார். முறுக்க முறுக்க அதைக் கையைச் சுற்றி வளையமாக்கி, கடைசி முனையை உள்ளே செருகினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தலையில் வைத்துக் காட்டினார். “சும்மாடு தம்பி. இது இல்லாம மூட்ட நிக்குமா?”

எதிரே ஒரு மூத்த ஜூலு அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் இருபது வருஷமாகத் துப்புரவு வேலை. எல்லாருக்கும் அவர் கோகோ, அதாவது பாட்டி. அவர் கையைத் தட்டிச் சிரித்துவிட்டார். எழுந்து போய் இன்னொரு துணியை எடுத்துவந்து அதே மாதிரி முறுக்கினார். ஒரே ஒரு வித்தியாசம், ஆயா உள்ளே செருகிய முனையை இவர் மேலாகச் சுற்றி இறுக்கினார். “இன்காத்தா” என்றார். ஊரில் துணியால் செய்ய மாட்டோம், புல்லால் திரிப்போம் என்றார்.

கட்சியின் பெயராகவே எனக்குத் தெரிந்த சொல். தண்ணீர்க் குடத்துக்கு அடியில் பெண்கள் வைக்கும் புல் வளையம்தான் அதன் முதல் பொருள் என்று அன்றுதான் தெரிந்தது. ஜூலு அரசர்களிடம் மக்களின் ஒற்றுமைக்கு அடையாளமாகப் புனிதமான ஒரு பெரிய இன்காத்தா இருந்தது, கட்சியும் அதிலிருந்துதான் பெயர் எடுத்தது. இரண்டு துணி வளையமும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆயாவுக்கு ஜூலு கொஞ்சம் வரும். இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், எங்களை மறந்துவிட்டார்கள். சிற்பி அன்றுதான் முதல் தடவையாக நோட்டைத் திறந்தார்.

திரும்பி வரும் வழியில் காரில் நான் அவரிடம் சுமைதாங்கிக் கல்லைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் போகிற பழைய சாலையில் புளியமரத்தடியில் ஒன்று இருந்தது. இரண்டு செங்குத்துக் கல், மேலே ஒரு படுக்கைக் கல், ஏறக்குறைய தோள் உயரம். தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் ஒற்றை ஆளால் முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். சுமைதாங்கி இருந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். பக்கத்தில் போய் நின்று, தலையில் இருப்பதை அப்படியே கல் மேல் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கிக்கொண்டு அதே மாதிரி தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்களின் நினைவாக வீட்டார் அதை வைப்பார்கள். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று.

அவர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். “உங்கள் ஊரில் நினைவுச் சின்னமே இப்படித்தானா?” என்றார். வீரனுக்கு நடுகல் உண்டு, அரசனுக்குக் கோயில் உண்டு, சாதாரணப் பெண்ணுக்கு இதுதான் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனையோ தடவை அந்தக் கல் மேல் புத்தகப் பையை வைத்துவிட்டு விளையாடப் போயிருக்கிறேன். அது யாருக்காக வைத்த கல் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

சிற்பம் அப்படித்தான் பிறந்தது. ஒரு சுமைதாங்கி, மேலே ஒரு சும்மாடு, ஒரு இன்காத்தா. ஆள் உருவம் இல்லை, பீடம் இல்லை. புளூம்ஃபொண்டெய்ன் பல்கலைக்கழக வளாகத்தில் வில்லெம் போஷோஃப் என்ற சிற்பி 2011-இல் ஒரு பெரும் கருங்கல் பாறையில் எழுத்துகளைச் செதுக்கித் தரையோடு போட்டிருக்கிறார். ஆள் ஏறி உட்காரக்கூடிய சிற்பத்துக்கு இந்த நாட்டிலேயே முன்மாதிரி உண்டு என்று குழுவுக்குக் காட்ட அது எங்களுக்கு உதவியது.

இடத்தைச் சொன்னது கோகோ. நூலக வாசல் வேண்டாம், அங்கே யாரும் நிற்பதில்லை என்றார். எங்களைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் 72-ஆவது படியில் நிறுத்தினார். “நான் தினமும் வாளியை இங்கேதான் இறக்கி வைக்கிறேன்” என்றார். அரை மணி நேரம் நின்று பார்த்தோம். ஏறி வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அங்கே நின்று பையைத் தோள் மாற்றினார்கள்.

உயரத்துக்கு அளவு எடுத்தோம். கோகோவின் தோள், ஆயாவின் தோள், காவலாளிகள், மாணவர்கள், சாலையில் பழம் விற்கும் பெண்கள். 140 சென்டிமீட்டர் என்று முடிவானது. வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தபோது சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவர் அதன் கீழே, “என் சுமை என் மடியில் இருக்கிறது, நான் எங்கே வைப்பது?” என்று எழுதிப் போனார். அதனால் ஒரு பக்கத் தூணை ஒட்டி 75 சென்டிமீட்டர் உயரத்தில் இன்னொரு சிறு பலகை வந்தது. எனக்கு அந்த முழு வேலையிலும் ரொம்பப் பிடித்த பகுதி அந்தச் சிறு பலகைதான்.

கல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. எல்லாரும் பளபளப்பான கறுப்புக் கல்லைத்தான் கேட்டார்கள். பிப்ரவரி மாதம், உச்சி வெயில். சிற்பி நான்கு மாதிரிகளையும் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். கறுப்பில் யாராலும் கை வைக்க முடியவில்லை. ரஸ்டன்பர்க் சாம்பல் நிறக் கல், மெருகு போடாமல் சொரசொரப்பாக. படுக்கைக் கல் மட்டும் ஒரு டன்னுக்குச் சற்று மேல்.

வளையங்களை வார்த்த கதை வேறு. ஆயாவின் சும்மாட்டைத் துணியாகவே மெழுகில் முக்கி, அதன் மேல் பீங்கான் கூழும் மணலுமாகப் பல பூச்சுப் பூசி ஓடாக்கி, சூளையில் எரித்து, துணி இருந்த இடத்தில் வெண்கலம் ஊற்றுவது என்று திட்டம். ஆயா தன் அம்மாவின் பருத்திச் சேலையைக் கொண்டுவந்தார். வாயில் துணிபோல மெலிந்து, கரை மட்டும் அரக்கு நிறத்தில் பாக்கி இருந்தது. முறுக்கப் போகும்போது நிறுத்தி, “சேல திரும்பக் கிடைக்குமா தம்பி?” என்றார். எரிந்துவிடும் ஆயா என்றேன். கொஞ்ச நேரம் சேலையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தன் சேலை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். சிற்பத்தில் இருப்பது அந்தச் சேலை. நூலின் நெசவு வரை வெண்கலத்தில் விழுந்திருக்கிறது, நகத்தால் தொட்டால் தெரியும்.

கோகோவின் புல் வளையம் முதல் தடவை பாழாகிவிட்டது. வார்ப்புப் பட்டறையில் புல்லையும் அதே மாதிரி நேராக எரித்தார்கள். துணியை விடப் புல் அதிகச் சாம்பல் விடும். திரித்த இடுக்குகளில் சாம்பல் அப்படியே தங்கிவிட்டது. வெண்கலம் 1,100 டிகிரிக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார்கள், ஆனாலும் சாம்பல் இருந்த இடத்துக்குள் உலோகம் போகாது. பீங்கான் ஓட்டை உடைத்தபோது எலி கடித்ததுபோல் பொத்தல் பொத்தலாக ஒரு வளையம் வந்தது. கோகோ ஊருக்குப் போய்ப் புல் அறுத்து, காயவைத்துத் திரித்துக் கொண்டுவந்த பொருள். அதைப் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். அவர் கேட்டுவிட்டு, “புல் மறுபடி முளைக்கும்” என்று மட்டும் சொன்னார். ஆறு வாரம் கழித்து இரண்டாவது வளையம் வந்தது. இந்த முறை அதை எரிக்கவில்லை. சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, அந்த அச்சில் மெழுகு ஊற்றி, மெழுகைத்தான் எரித்தோம். புல் வளையம் இன்றும் கோகோவின் வீட்டில் இருக்கிறது.

அனுமதிகளைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் கை வைத்தால் மரபுரிமைச் சட்டம் வரும், 1999-ஆம் வருஷச் சட்டம், மாகாணத்தில் அதை அமஃபா என்ற மரபுரிமை அமைப்பு பார்க்கிறது. எங்கள் படிக்கட்டு அவ்வளவு பழையது இல்லை, அதனால் தப்பித்தோம். ஆனால் வரைபடம், காப்பீடு, தீயணைப்பு வண்டி வழி, மாணவர் பேரவை, தொழிற்சங்கம் என்று பதினொரு கையெழுத்து. 2020 மார்ச் 27-இல் ஊரடங்கு வந்ததும் ஒன்றரை வருஷம் எல்லாம் அப்படியே நின்றது.

பெயர் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஒரு தூணின் உள்பக்கம் ‘சும்மாடு’ என்று தமிழில், மறு தூணில் ‘இன்காத்தா’ என்று ஜூலுவில் செதுக்குவதாக இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் நேரம். கட்சிப் பெயரை வளாகத்தில் கல்லில் வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். யானைகளின் கதை எல்லாருக்கும் நினைவிருந்தது, அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. கூட்டத்துக்கு கோகோவையும் அழைத்திருந்தோம். “அந்தச் சொல் கட்சிக்கு முன்னாலேயே என் பாட்டியுடையது” என்று எழுந்து சொன்னார். ஆனாலும் முடிவு மாறவில்லை. ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விடுவது நியாயம் இல்லை என்று இரண்டையுமே விட்டுவிட்டோம். ட்ரூரோ கப்பலின் தேதியையும் பெரியவர்கள் தாங்களாகவே வேண்டாம் என்றார்கள். செயலாளர் அண்ணாதான் முதலில் சொன்னார். கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன், அந்த இரண்டு சொற்களாவது.

2022 ஏப்ரலில் அஸ்திவாரம் தோண்டினோம். டர்பன் குன்றுகளில் பெரீயா செம்மணல் என்று ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்போது செங்கல்போல நிற்கும், தண்ணீர் புகுந்தால் உள்ளே சரிந்துவிடும். தோண்டி நான்கு நாள், ஏப்ரல் 11-ஆம் தேதி இரவு அந்தப் பெருமழை. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குன்றோடு வீடுகள் போயின. எங்கள் குழியைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது, இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தபோது குழி முழுக்கச் சிவப்புச் சேறு. வடிகாலை மாற்றி, அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாக இறக்கி, மறுபடி கணக்குப் போட்டேன். இருபது பிள்ளைகள் ஒரே சமயம் ஏறி நின்று குதித்தாலும் பலகை அசையக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஏறத்தான் செய்வார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கிரேன் வந்தது. தூண்கள் இறங்கின, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் செருகி, படுக்கைக் கல்லை இறக்கினோம். கடற்காற்று ஊர் இது, 316 ரக எஃகுதான் தாங்கும். வெண்கலத்தைப் பழைய உலோகக் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போடுகிற திருட்டு இங்கே அதிகம், அந்த வருஷம் நவம்பரில் அரசாங்கம் பழைய செம்பின் ஏற்றுமதிக்கே தடை போட்டது. அதனால் ஒவ்வொரு வளையத்துக்கும் அடியில் நான்கு கம்பிகள், கல்லுக்குள் 20 சென்டிமீட்டர் ஆழம், பசை போட்டு. கல்லை உடைக்காமல் எடுக்க முடியாது.

திறப்பு விழா வேண்டாம் என்று சிற்பி கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் 72-ஆவது படியில் போய் நின்றேன். ஆயா சாய்தளம் வழியாக மகனோடு வந்தார். சும்மாட்டைத் தொட்டுப் பார்த்தார், கரை எங்கே வருகிறது என்று தேடினார். கோகோ வாளியோடு ஏறி வந்தார். வழக்கம்போலத் தரையில் வைக்கப் போனவர், ஒரு கணம் நின்று, வாளியைத் தூக்கிப் படுக்கைக் கல் மேல் வைத்தார்.

பராமரிப்பு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வெண்கலத்தைக் கழுவி, மெழுகு தேய்க்க வேண்டும். முதல் வருஷம் போனபோது இரண்டு வளையங்களிலும் மேல்பக்கம் பழுப்பு நிறம் தேய்ந்து, உள்ளே இருந்த பொன்னிறம் வெளியே வந்திருந்தது. பைகள் உரசி உரசி வந்த தேய்மானம். சிறு பலகையின் ஓரத்திலும் சக்கர நாற்காலி இடித்த இடத்தில் ஒரு வழவழப்பு. மேற்பூச்சு சேதம் என்று குறிக்க அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு, குறித்தால் சிற்பி வந்து மறுபடி நிறமேற்ற வேண்டும். அவருக்குப் போன் செய்து கேட்டேன். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டார், படம் எடுத்து அனுப்பினேன். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.